ஃபிராவ் ஹுன்சிக்கரின் பாத்தி

ஜெகதீஸ்வரன் சுவிஸுக்கு வந்த முப்பது வருடத்தில் ஒருவருக்கும் ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. அவர் செய்த பெரிய பிழை அதுதான்.

அகதி முகாமில் வந்திறங்கிய கிழமையே ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்க்கக் கூடாது, இரவு பத்துக்குப் பிறகு குளிக்கக் கூடாது, படிக்கட்டில் நின்று கதைக்கக் கூடாது, கறி தாளிக்கும்போது வாசற்கதவைத் திறக்கக் கூடாது. மற்ற ஆட்கள் அதை ஒருதரம் வாசித்துவிட்டு மீன் சுற்ற எடுத்தார்கள். ஜெகதீஸ்வரன் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். ஆராவ் நகருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஒரே தொடர்மாடி வீட்டில், பத்தொன்பது வருடம் பூனை மாதிரி நடந்தார். முதியோர் இல்லத்துச் சமையலறைக்குள் காலை ஆறரைக்கு நுழைந்தால் பின்னேரம் மூன்றரைக்கு வெளியே வருவார். கதிரை இழுக்கிற சத்தம் கீழே கேட்கக் கூடாதென்று நாலு காலுக்கும் பழைய காலுறை மாட்டியிருந்தார். கீழ்வீட்டுக் கிழவர் செத்தது இவருக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். இவர் செத்திருந்தால் அந்தக் கிழவருக்கும் அப்படித்தான் தெரிய வந்திருக்கும்.

சிவப்பு நிறச் சுவிஸ் கடவுச்சீட்டுக்கு முதல் தரம் விண்ணப்பித்தபோது, கிராமத்துக் குடியுரிமைக் கமிஷன் மறுத்து எழுதிய கடிதத்தில் காரணம் இரண்டே வரி. உள்ளூர் வாழ்க்கையில் விண்ணப்பதாரரின் பங்கு போதாது. கிராமத்தில் அவரைத் தெரியும் என்று சொல்ல ஒருவரும் கிடைக்கவில்லை. டொச்சில், அதாவது ஜெர்மனில், இருந்த அதை அவருக்கு விளங்கப்படுத்தியவள் மகள் தக்ஷிகா. இங்கேயே பிறந்து, தன் கடவுச்சீட்டைத் தானே எடுத்து வைத்திருப்பவள்.

"அப்பா, உங்களில ஒரு முறைப்பாடும் இல்லையாம்."

"அப்ப ஏன் மாட்டன் எண்டவங்கள்?"

"அதாலதான்."

அவருக்குக் கடவுச்சீட்டு சாமியறையில் வைத்துக் கும்பிட அல்ல. டொரொன்டோவில் அவருடைய மூத்த அண்ணர் இராஜசிங்கம் இருந்தார். எழுபத்தாறு வயது, கிழமைக்கு மூன்று நாள் டயாலிசிஸ். தகப்பன் செத்தபிறகு ஜெகதீஸ்வரனை வளர்த்ததும் அடித்ததும் அவர்தான். முப்பத்தொரு வருடமாக இருவரும் நேரில் கண்டதில்லை. இலங்கைக் கடவுச்சீட்டோடு கனடா விசாவுக்கு இரண்டு தரம் போட்டு, இரண்டு தரமும் இல்லையென்று வந்தது. அண்ணரை விமானம் ஏற டொக்டர் விடவில்லை. ஆகவே சிவப்புப் புத்தகம் கிடைத்தால் அண்ணரைக் காணலாம். கிடைக்காவிட்டால் ஒருநாள் கைப்பேசியில் அவருடைய பெட்டியைக் காணலாம். விஷயம் இவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணர் கோல் எடுப்பார், ஏசுவதற்கு.

"டேய், இன்னும் அந்தப் புத்தகம் கிடைக்கேல்லையோ? சுவிஸில மாட்டுக்கும் காதில நம்பர் குத்தி விட்டிருக்கிறாங்களாம். உனக்கு ஒண்டும் இல்லையோடா?"

"பாக்கிறன் அண்ணை."

"பார் பார். நான் போனாப்பிறகு வந்து ஆரைப் பாக்கப் போறாய்?"

தக்ஷிகாதான் வழி சொன்னாள். ஒரு ஃபெரைனில் சேர வேண்டும். இந்த நாட்டில் மூன்று பேர் சேர்ந்தால் ஒரு சங்கம், அதற்கொரு யாப்பு, அதற்கொரு தலைவர், வருடத்துக்கு இரண்டு கூட்டம். சங்கத்தில் இல்லாதவன் ஊரில் இல்லாதவன். கிராமத்தின் பட்டியலைக் கைப்பேசியில் வாசித்தாள். முதலாவது, துப்பாக்கிச் சுடும் சங்கம்.

"சுடுறதைக் கண்டுதானே ஓடி வந்தனாங்கள். இஞ்ச காசு குடுத்துச் சேர்றதோ?"

மலைப்பாட்டுச் சங்கம் அவருடைய குரலுக்கு ஆகாது, ஜிம்னாஸ்டிக் சங்கம் முழங்காலுக்கு ஆகாது. மிஞ்சியது தோட்டச் சங்கம், அதில் சேர்ந்தார். நாற்பத்திரண்டு துண்டு நிலம், துண்டுக்கொரு பொம்மை வீடு, வீட்டுக்கொரு கொடி, எல்லாவற்றுக்கும் சேர்த்து முப்பத்திநாலு பக்கச் சட்டப் புத்தகம். வேலி எத்தனை சென்ரிமீட்டர் என்பது வரை அதில் இருந்தது. தலைவர் ஃபிராவ் ஹுன்சிக்கர், மருந்துக்கடை நடத்தி ஓய்ந்த அறுபத்தெட்டு வயதுக்காரி. அவரே குடியுரிமைக் கமிஷனிலும் ஒரு உறுப்பினர் என்று அறிந்தபோது ஜெகதீஸ்வரன் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். இரண்டு கதவுக்கும் ஒரே திறப்பு என்று நினைத்தார், பாவம்.

தோட்டத்து நுழைவாசலில் முப்பது மீட்டர் நீளத்துக்கு ஒரு பாத்தி. அதில் கணுக்காலுக்குச் சற்று மேலே, விரல் விரித்தாற்போல் இலையும் சட்டைப் பொத்தான் அளவு மஞ்சள் பூவுமாக ஒரு செடி படர்ந்து கிடந்தது. டொச்சில் அதற்கு இரத்தவேர் என்று பொருள்படும் பெயர். ஃபிராவ் ஹுன்சிக்கர் யூரா மலைச் சதுப்புகளில் விதை பொறுக்கி, இரண்டு மாதம் குளிர்சாதனப் பெட்டியில் பட்டர்க் கட்டிக்குப் பக்கத்தில் வைத்து, தட்டில் முளைக்கவிட்டு, பாத்தியிலிருந்த நல்ல மண்ணையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு மணலும் பைன் மரத்துச் சருகும் கொட்டி நட்டிருந்தார். அந்தச் செடிக்கு நல்ல மண் ஆகாது, பசளை ஆகாது. பட்டினி போட்டால்தான் அது நிலைக்கும். வேர் சுட்டுவிரல் மொத்தத்துக்கு வர நாலு வருடம். வெட்டினால் உள்ளே வெளிறிப்போய் இருந்து, பார்த்துக்கொண்டிருக்கவே சிவந்துவரும். அவித்துக் குடித்தால் வயிற்றோட்டம் நிற்கும், வாய் கொப்பளித்தால் பல் முரசில் இரத்தம் நிற்கும், ஷ்னாப்ஸ் சாராயத்தில் ஊறவைத்துக் குடித்தால் பேச்சே நின்றுவிடும், அவ்வளவு துவர்ப்பு. பூவுக்கு எறும்பைவிடக் கொஞ்சம் பெரிய காட்டுத்தேனீ ஒன்று வரும். அதை எண்ணுவதற்காகவே ஃபிராவ் ஹுன்சிக்கர் ஒரு மடக்குக் கதிரை வைத்திருந்தார்.

இதையெல்லாம் அவர் வருடத்துக்கொரு பின்னேரம் சங்கத்தாருக்கு வகுப்பாக எடுப்பார். ஜெகதீஸ்வரனுக்கு அன்றைக்கு வேலை. ஆகவே அவர் கண்ணுக்கு அது புல்லாகத்தான் பட்டது.

மே மாதக் கடைசியில் சுற்றறிக்கை வந்தது. ஜூன் பதினான்காம் திகதி பொதுவேலை, நுழைவாசல் பாத்தியைப் பராமரித்தல், ஆளுக்கு எட்டு மணித்தியாலம். யாழ்ப்பாணத்தானுக்குப் பராமரிப்பு என்றால் ஒன்றுதான். வளவில் புல் முளைத்துக் கிடந்தால் அந்த வீட்டுக்காரன் செத்துப்போனான், அல்லது கப்பலேறிவிட்டான் என்று அர்த்தம். மரியாதையான வீடென்றால் முற்றம் வெறும் மண்ணாக, விளக்குமாற்றுக் கோடு விழுந்து, கோழி நடந்தால் காலடி தெரிய வேண்டும். பராமரிக்கச் சொன்ன நாளுக்கு ஒரு கிழமை முன்பே பராமரித்து வைத்தால், தலைவர் வந்து பார்த்துப் பூரித்துப் போவார், ஒக்டோபரில் அவருடைய இரண்டாவது விண்ணப்பத்துக்காகக் கமிஷன் கூடும்போது அந்தப் பூரிப்பு அவர் முகத்தில் இருக்கும். ஜெகதீஸ்வரனின் கணக்கு இப்படி ஓடியது.

மனைவி பத்மினி ஒருதரம் தடுத்துப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, பூக்கிற மரத்தை ஏன் பிடுங்குறியள்? அந்த மனுசியை ஒருக்காக் கேளுங்கோவன்."

"கேட்டால் அதில என்ன பெருமை? கேளாமல் செய்யோணும்."

கெடுகுடி சொற்கேளாது என்று சும்மாவா சொன்னார்கள்?

கோயில் தொண்டர்படைத் தலைவர் தவராஜாவிடம் போனார். தவராஜாவுக்கு சிரமதானம் என்ற சொல்லைக் கேட்டாலே காலில் சப்பாத்து ஏறிவிடும். "எங்களை வெல்ல இஞ்ச ஆர் இருக்கினம் அண்ணை? வெள்ளைக்காரன் பாத்து மூக்கில விரல் வைக்கோணும்," என்றார். ஜூன் ஏழாம் திகதி சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் திருவிழா ரீசேர்ட்டோடு பதினான்கு பேர் வந்திறங்கினார்கள். ஆறு மண்வெட்டி, இரண்டு அலவாங்கு, ஒரு பெரிய சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி, வடைச் சட்டி. பாத்தியில் 'தயவுசெய்து மிதிக்க வேண்டாம்' என்று டொச்சில் ஒரு பலகை நின்றது. எங்கள் ஆட்கள் ஒழுக்கமானவர்கள், ஒருவரும் மிதிக்கவில்லை. கரையில் குந்தியிருந்து, எட்டாத இடத்துக்குப் பலகை போட்டு, வேரோடு பிடுங்கினார்கள். வெட்டுப்பட்ட வேர் சிவந்ததைக் கண்டு ஒருவர், "அண்ணை, இதென்ன, ரத்தமாய்க் கிடக்கு. ஏதோ நோய் பிடிச்ச புல்லு, நல்ல வேளை பிடுங்கினது," என்றார். தவராஜா எல்லாவற்றையும் வானில் ஏற்றிக்கொண்டுபோய்க் குப்பை எரிக்கிற இடத்தில் கொடுத்து ரசீதும் வாங்கி வந்தார். பிறகு முப்பது மீட்டரையும் விளக்குமாற்றால் கோடு விழக் கூட்டினார்கள். அந்தப் பலகையையும் கழுவித் துடைத்து, நிமிர்த்தி நட்டார்கள்.

பதினொரு மணிக்கு ஃபிராவ் ஹுன்சிக்கர் சைக்கிளில் வந்தார். கையில் மடக்குக் கதிரை.

சைக்கிளை விட்டு இறங்கினார். பாத்தியின் ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்பு வரை நடந்தார், திரும்பி நடந்தார். பூவைத் தேடி வந்த தேனீக்கள் சில வெறும் மண்ணுக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தன. தவராஜா கைப்பேசியைத் தூக்கி வீடியோ எடுத்தார். ஜெகதீஸ்வரன் வடைத் தட்டோடு பல் தெரிய நின்றார்.

"இன்டெரெசான்ட்," என்றார் ஃபிராவ் ஹுன்சிக்கர்.

சுவாரசியமாக இருக்கிறதாம். சுவிஸ்காரர் இந்த ஒரு சொல்லோடு நிறுத்தினால் ஏதோ பெரும் பிழை நடந்துவிட்டது என்பது இங்கே முப்பது வருடம் இருந்த எவருக்கும் தெரியும். அவர் வடையைத் தொடவில்லை. கதிரையை விரித்து, வெறும் பாத்திக்கு முன்னால் இருந்து, குறிப்புப் புத்தகத்தில் திகதியைப் போட்டு அதன் கீழே ஏதோ எழுதினார். பக்கத்துத் துண்டுக்காரர் ஓடிவந்து ஜெகதீஸ்வரனின் காதுக்குள் விஷயத்தைச் சொன்னார். தவராஜாவுக்குக் கூர் நகரில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கு இருப்பது அந்த நிமிடம்தான் ஞாபகம் வந்தது. "பிறகு எடுக்கிறன் அண்ணை," என்றார். ஐந்து நிமிடத்தில் பதினான்கு பேரும் இல்லை. எழுதுகிற ஒரு மனுசிக்கு முன்னால் வடைத் தட்டோடு ஜெகதீஸ்வரன் மட்டும் நின்றார்.

செவ்வாய்க்கிழமை பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. சட்டப் புத்தகத்தின் எந்தெந்தப் பிரிவுகள் மீறப்பட்டன என்று அதில் ஒன்பது இலக்கம். ஒரு ஏச்சு, ஒரு வசவு, மருந்துக்கும் இல்லை. அதைவிட யாராவது கன்னத்தில் ஒன்று போட்டிருக்கலாம். அண்ணருடைய முகம் கண்ணுக்குள் வந்து நிற்க, சிவப்புப் புத்தகம் தன் கையாலேயே எரிகிடங்குக்குப் போய்விட்டதென்று ஜெகதீஸ்வரன் சமையலறையில் இருந்து அழுதார். பத்மினி "நான் அப்பவே" என்று தொடங்கி, முகத்தைப் பார்த்துவிட்டு, பாதியில் விட்டாள்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. புதன்கிழமை பின்னேரம் வாசல் மணி அடித்தது. பத்தொன்பது வருடத்தில் தமிழ்க் கை தவிர வேறு ஊர்க் கை படாத மணி. நாலாம் இலக்கத் துண்டுக்காரர், ஓய்வுபெற்ற ரயில் சாரதி, சிவந்த முகத்தோடு நின்றார். இது என்ன காட்டுமிராண்டித்தனம் என்று பத்து நிமிடம் நின்றுகொண்டு ஏசினார். பத்மினி உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்ததும் இருந்துகொண்டு ஏசினார். ரோல்ஸ் பொரித்துக் கொடுத்ததும், அந்தப் பாத்தியைத் தானே ஒருநாள் கொத்திவிட நினைத்ததாகவும், வருடா வருடம் அந்த ஷ்னாப்ஸைக் குடித்துவிட்டு அருமை என்று பொய் சொல்லி அலுத்துவிட்டதாகவும் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாள் ஒரு ஆசிரியை, தேனீக்காக அழுதுவிட்டு, பிறகு தன் மருமகளுக்காகவும் அழுதார். கிழமை முடிய முன்னம் பதினொரு பேர் வந்து போனார்கள். ரயில்காரர் இரண்டாம் தரமும் வந்து ஏசினார். அவர் வந்தது ரோல்ஸுக்கு என்று பத்மினிக்குச் சந்தேகம்.

வராத ஒரே ஆள் ஃபிராவ் ஹுன்சிக்கர்.

ஜெகதீஸ்வரன் சும்மா இருக்கவில்லை. நாற்றுக் கடையில் மஞ்சள் பூப் பூக்கிற அதே விரலிலைச் செடி அறுபது வாங்கி, பாத்தியில் நட்டு, ஒரு பண்ணையில் கெஞ்சி ஆட்டெருவும் வாங்கிப் போட்டார். எரு இல்லாமல் ஒரு பயிரை நட அவருடைய கை ஒத்துக்கொள்ளவில்லை. செடி கரும்பச்சையாக எழும்பிப் பூத்தது. இரண்டாவது பதிவுத் தபால் வந்தது. 'பூவின் இதழ்களை எண்ணிப் பார்க்கவும். இரத்தவேருக்கு நான்கு. நீங்கள் நட்டிருப்பது அதன் சொந்தக்காரச் செடி, அதற்கு ஐந்து. இடப்பட்ட எருவை அகற்றவும்.' ஜெகதீஸ்வரன் போய் எண்ணினார். ஐந்துதான். அறுபதையும் பிடுங்கி, எருவைத் தோண்டி எடுத்து, மணல் கொட்டினார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகி, அந்தக் குரங்கும் கையைக் கடித்த கதை.

ஒக்டோபரில் கமிஷன் கூப்பிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணர் ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்தார். குரல் மெலிந்திருந்தது. ஏசவில்லை. "சாப்பிட்டியோடா?" என்று மட்டும் கேட்டார். அதுதான் ஜெகதீஸ்வரனுக்குப் பயமாக இருந்தது.

கிராமசபைக் கட்டடத்தில் நீள மேசை, ஐந்து பேர். தலைவர் ஹெர் லூஷர், பாத்திக் கோப்பைத் திறந்ததும் ஃபிராவ் ஹுன்சிக்கர் எழுந்தார். தான் சம்பந்தப்பட்ட விஷயம், தான் அறையில் இருக்கக் கூடாது, விதி என்றார். மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பாத்தியைப் பிடுங்கியவன் உள்ளே இருக்க, பறிகொடுத்தவர் விதிப்படி வெளியேறுகிற நாடு இது.

முதலில் கன்டோன் மாநிலங்கள், ஏரிகள், எந்தக் குப்பை எந்தப் பையில் என்று கேட்டார்கள். எல்லாம் பாடம், தண்ணீர் பட்ட பாடாகச் சொன்னார். பிறகு ஹெர் லூஷர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பாத்தியைப் பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

தக்ஷிகா எழுதிக் கொடுத்த மன்னிப்பு ஒரு பக்கம். நல்ல டொச், குளியலறையில் நின்று பாடமாக்கியது. முதல் இரண்டு வசனம் வந்தது. மூன்றாவது வரவில்லை. நாலு பேரும் மரியாதையோடு காத்திருந்தார்கள். அந்த மரியாதையைப் பார்க்கப் பார்க்க ஜெகதீஸ்வரனுக்கு முப்பது வருடத்துக் கோபம் மூக்குக்கு ஏறியது. சமையலறையில் கற்ற டொச்சில், வினைச்சொல் முன்னும் பின்னுமாக விழ, வந்தபடி சொன்னார். தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

"நான் பத்தொன்பது வருசம் இந்த ஊரில இருக்கிறன். உங்கட தாய் தகப்பனுக்குச் சூப் காய்ச்சிக் குடுக்கிறன். என்ர வீட்டுக்கு ஒருத்தர் வந்ததில்லை. ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது எண்டு நீங்கள்தான் எழுதினனீங்கள். நான் அந்தப் புல்லைப் பிடுங்கினன். ஒரு கிழமையில பதினொரு பேர் வந்தவை. ஏச வந்தவை, ஆனா வந்தவை. எல்லாருக்கும் தேத்தண்ணி குடுத்தனாங்கள். செய்தது பிழைதான். ஆனா இப்பிடி எண்டு தெரிஞ்சிருந்தால் வந்த முதல் வருசமே பிடுங்கியிருப்பன்."

ஒரு அம்மா தண்ணீர் குடித்தார். ஹெர் லூஷர், வெளியே இருக்கச் சொன்னார்.

வெளியே இருக்க ஒரே ஒரு மர வாங்கு. அதில் ஃபிராவ் ஹுன்சிக்கர். வேறு இடமில்லாமல் ஜெகதீஸ்வரன் மற்றத் தலைப்பில் இருந்தார். எல்லாம் முடிந்துபோயிற்று என்ற எண்ணத்தில், இனி இழக்க ஒன்றுமில்லாத தைரியத்தில், கேட்டே விட்டார்.

"எல்லாரும் வந்தவை. நீங்கள் மட்டும் ஏன் வரேல்லை? உங்களுக்குத்தானே கூட நட்டம்."

"கோபமாக இருந்தேன்," என்றார் அவர், சுவரைப் பார்த்தபடி. "கோபத்தோடு ஒருவர் வீட்டுக்குப் போகக் கூடாது."

"பின்னை எப்ப போறது?"

ஃபிராவ் ஹுன்சிக்கர் திரும்பிப் பார்த்தார். "என் வீட்டு மணியைத் தபால்காரர் மட்டும்தான் அடிக்கிறார்," என்றார்.

"அதுவும் பதிவுத் தபால் எண்டால்தானே அடிப்பார்," என்றார் ஜெகதீஸ்வரன். சொன்னபிறகுதான் அது எவ்வளவு கூராகப் போய்க் குத்தியிருக்கும் என்று தெரிந்து நாக்கைக் கடித்தார்.

கதவு திறந்தது. ஹெர் லூஷர் கையை நீட்டினார். நாலு பேரின் நாலு வாக்கும் அவருக்குத்தான். இனிக் கன்டோனும் தலைநகர் பேர்னும் கையெழுத்துப் போட வேண்டும், அடுத்த வருடம் ஆகும் என்றார். அதுவரை அண்ணர் இருக்க வேண்டுமே என்றுதான் ஜெகதீஸ்வரனுக்கு முதலில் தோன்றியது. நாலு பேரும் கை கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள். கதவு மூடியது.

ஃபிராவ் ஹுன்சிக்கர் எழுந்து நின்றார். கை கொடுக்கப் போகிறார் என்று ஜெகதீஸ்வரன் நீட்டிய கையை அவர் பார்க்கவே இல்லை. முகம் சிவந்து வந்தது. எழுதுகிற டொச்சை விட்டுவிட்டு, தன் தாய் பேசிய சுவிஸ் டொச்சில் தொடங்கினார். மழையில் முழங்காலில் நின்று பொறுக்கிய விதை! முதல் வருடம் ஒன்று முளைக்கவில்லை! என் புருஷன் சாகிறதுக்கு முதல் நாள் தண்ணீர் ஊற்றியது அந்தப் பாத்திக்கு! இருநூற்றி நாற்பது செடி, ஒன்றையாவது விட்டு வைத்தாயா, முட்டாளே, முழு முட்டாளே! குரல் நடைபாதை முழுக்க எதிரொலித்தது. கந்தோர் அறைகளின் கதவுகள் இரண்டு திறந்து மூடின.

ஜெகதீஸ்வரன் அண்ணருக்கு முன்னால் நிற்கிற மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றார். உரிமையோடு, நேரில் நின்று தன்னை ஒருவர் இப்படி ஏசி எத்தனை காலம்! செய்த பாவத்துக்காக நெஞ்சு நொந்தது. அதே நெஞ்சு நிறைந்தும் போனது. இரண்டுக்கும் சேர்த்துக் கண்ணீர் வந்தது.

ஃபிராவ் ஹுன்சிக்கர் மூச்சு வாங்க நிறுத்தினார்.

"இன்னும் சொல்லுங்கோ," என்றார் ஜெகதீஸ்வரன்.